கடலூர் இன்னும் சிவப்பு

பினாங்கில் எங்கள் கப்பல் ஏஜென்சி அலுவலகத்துக்குள் ஒரு கடல் இருந்தது. வங்காள விரிகுடாதான். யாரோ வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய நீலப் படம். அதன் கரையைச் சுற்றி எங்கள் கிளை அலுவலகங்கள் புள்ளி புள்ளியாக இருக்கும். கொழும்பு, கடலூர், விசாகப்பட்டினம், சிட்டகாங், யாங்கூன், அச்சே, இந்தப் பக்கம் பினாங்கு. காலையில் எல்லாப் புள்ளிகளும் சிவப்பு. அந்தந்த ஊர் கிளார்க் தன் ஊர்க் கடல் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி தட்டினால் அந்தப் புள்ளி பச்சையாகும். கம்பெனிக்குள் மட்டும் ஓடிய இன்ட்ராநெட் பக்கம் அது. வெளியாள் எட்டிப் பார்க்க முடியாது. இப்போது உள்ளே இருப்பவர்களும் பார்க்க முடியாது, எடுத்துவிட்டார்கள்.

கடலைக் கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் பழைய முதலாளி போட்ட சட்டம். கப்பலில் இருந்தவர், வானிலை அறிக்கையை நம்பமாட்டார். அந்த இன்ட்ராநெட் வலையைப் பராமரிப்பது என் வேலை. மற்ற ஊர் வரிகளைச் சம்பளத்துக்காகப் படிப்பேன். கடலூர் வரியை எனக்காகப் படிப்பேன். நான் சிதம்பரத்துக்காரன். "கடல் அமைதி. தெற்குக் காற்று" என்று ஆங்கிலத்தில் இரண்டே துண்டு வாக்கியம் வரும். படித்ததும் கடலூர்க் கரையான தேவனாம்பட்டினத்து மணல் விரலிடுக்கில் ஏறுவதுபோல் இருக்கும்.

எழுதுபவர் பெயர் தமிழ்ச்செல்வி. முகம் பார்த்ததில்லை. கடலூர்ப் புள்ளி பச்சையாகும் நேரமும் எங்கள் ஆபீசில் பதினொரு மணி டீ வரும் நேரமும் ஒன்று. அங்கே அப்போது காலை எட்டரை. பச்சை வராமல் நான் டீயைத் தொடுவதில்லை. சில நாள் தாமதமாகும். உடனே போன் போட்டுவிடுவேன். "என்ன மேடம், கடலூர் இன்னும் சிவப்பாவே இருக்கு? என் டீ ஆறுது" என்பேன். "ஒரு பத்து நிமிசம் சார்" என்பார். என்ன பத்து நிமிஷம், ஜன்னலைத் திறந்து பார்ப்பதற்கு என்று எரிச்சல் வரும்.

2010 மாசியில் முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டார். கடல் நிலவரம் இனிச் சாட்டிலைட்டிலிருந்தே வந்துவிடும், அப்பாவின் சட்டப்படி நிஜமாகவே கண்ணால் பார்த்து எழுதும் கிளைகள் மட்டும் இருந்தால் போதும், மற்றதைப் பெரிய ஊர்க் கிளையோடு சேர்த்துவிடலாம் என்பது அவர் யோசனை. "கடலூரில் ரூட்டரை மாற்று. அப்படியே அந்த ஆபீசிலிருந்து கடல் தெரிகிறதா என்று பார்த்து எழுது" என்றார். ஊருக்குப் போகக் கம்பெனியே டிக்கெட் தருகிறது. எனக்குக் கசக்குமா?

முதல் நாள் சிதம்பரம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஒரு கண்டக்டர் என் பெட்டியைப் பிடித்து இழுத்து, "பாண்டி, பாண்டி, ஏறு, எடம் இருக்குது" என்றார். உள்ளே நிற்கவும் இடமில்லை. இந்தப் பொய்யை இருபது வருஷமாக யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது. பினாங்கில் பஸ் டிரைவர்கள் வாயே திறப்பதில்லை.

ஜாபர் பைக்கோடு வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்ச். லால்பேட்டைக்காரன், தெற்கு வீதியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான்.

"என்னா மச்சான், பொட்டி ஊதியிருக்கு, நீ எளச்சுப்புட்டே?"

நேராக இட்லி கொத்சுக்குக் கூட்டிப்போனான். கத்தரிக்காயைச் சுட்டுப் புளியில் மசித்த அந்தக் கொத்சுக்காகப் பினாங்கில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அங்கே ரொட்டி சானாய் என்னும் பரோட்டாவுக்கு ஊற்றும் பருப்புக் குழம்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கொத்சு என்று கேட்டால் சாம்பாரில் கொஞ்சம் கத்தரிக்காயை அதிகம் போட்டுக்கொண்டுவந்து வைத்து, நம் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பேசாமல் இரண்டாவது தட்டு வாங்கினேன். "அங்க சோறே போட மாட்டாங்களா?" என்று ஜாபர் கேட்டான்.

சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் கீழ வாசலில் நுழைந்து மேல வாசலில் வெளியேறினேன். பள்ளிக்கூடத்துக்கு அதுதான் எங்கள் குறுக்கு வழி. சாமி கும்பிட்டதைவிட, தாமதமாகிவிட்டதே என்று பிராகாரத்தில் ஓடியதுதான் அதிகம். அன்றைக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் கால் தானாக வேகம் பிடித்தது. அந்த வேகத்தில் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

ஜாபரின் கடையில் பலகைத் தடுப்பு வைத்த அறைகள். உள்ளே லால்பேட்டைப் பெண்கள். வீட்டுக்காரர்கள் துபாயிலும் சவூதியிலும். என் வேலையைப் பற்றிச் சொன்னேன். கம்பெனிக்காரர்கள் மட்டும் பார்க்கும் வலை, வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று பெருமையாக விளக்கினேன்.

"வெளியாளு பாக்க முடியாதுன்னா அப்புறம் எதுக்கு மச்சான் அது?" என்றான். பிறகு தலையால் ஒரு தடுப்பைக் காட்டிக் குரலைத் தணித்தான். "இங்கயும் அப்டித்தான். பேசுறதுக்கு வர்றாங்கன்னு நெனைக்கிறியா? பேசுறது கொஞ்சம்தான். சாட்டுல அவுங்க ஆளு பேருக்குப் பக்கத்துல பச்ச லைட்டு எரியுதான்னு பாக்க வர்றதுதான் ஜாஸ்தி. எரிஞ்சா போதும், எந்திரிச்சுப் போயிடுவாங்க."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தேன்.

இரண்டாம் நாள் கடலூர். பஸ்ஸில் போகிறேன் என்றதற்கு ஜாபர் கோபித்துக்கொண்டு பைக்கில் ஏற்றினான். ஆலப்பாக்கம் தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். "இன்ஷா அல்லா, பக்கத்துலயே கடை இருக்கும்" என்றான். பக்கத்தில் இரண்டு ஆடுகள்தான் இருந்தன. அவனையும் பைக்கையும் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, கையைக் காட்டி ஒரு டவுன் பஸ்ஸில் தொற்றினேன். காலி மீன்கூடைகளோடு பெண்கள். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்த ஒருத்தி, "ஐயா, அந்தாண்ட நில்லு, தண்ணி சொட்டும்" என்றாள். நகர்வதற்குள் சொட்டியது.

ஜன்னலோரம் கடல் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தேன். இந்தச் சாலை கடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் காட்டாது. சவுக்குத் தோப்பு, முந்திரி, உப்பனாற்றுப் பக்கம் ரசாயன வாடை, அப்புறம் கடலூர் முதுநகர். பினாங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் தீவின் மேற்குக் கரையில் போய் உட்காருவேன். அங்கிருந்து நேர் மேற்கே கோடு இழுத்தால் அச்சேயின் முனையில் முட்டும். கோட்டைக் கொஞ்சம் வடக்கே சாய்த்து, நிக்கோபார் தீவுகளுக்கு இடையில் புகுத்திவிட்டால் கடலூர். அங்கே சூரியன் கடலில் விழும், இங்கே கடலில் எழும். தண்ணீர் ஒன்றுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். 2004 டிசம்பரில் அந்தப் பேரலை அச்சே பக்கத்தில் கிளம்பி ஏறக்குறைய இதே கோட்டில்தான் கடலூருக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கோட்டை இழுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும்.

எங்கள் அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி இருப்பதாக என் நினைப்பு. ரெக்கார்டும் அதைத்தான் சொன்னது. அங்கே போனால் பூட்டிய கட்டிடம். விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ஆறு பேர் உட்காரும் இடத்தில் பத்தாவது ஆளாகத் தொங்கி மஞ்சக்குப்பத்துக்கு வந்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி அது. தமிழ்ச்செல்வி எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் வணக்கம்கூடச் சொல்லாமல் ஜன்னலிடம் போனேன். கீழே ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறம். இரண்டு பேர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடல் எங்கே?" என்றேன்.

"இங்கேர்ந்து தெரியாது சார்."

"எத்தனை நாளாகத் தெரியாது?"

"சுனாமில அந்த ஹார்பர் பில்டிங் விரிசல் விட்டுருச்சு சார். ஓனரு காலி பண்ணச் சொல்லிட்டாரு. இங்க வந்துட்டோம். அப்ப இருந்த மேனேஜரு தலைமை ஆபீசுக்குச் சொல்லிட்டேன்னாரு. சொல்லலைன்னு இப்பத்தான் தெரியுது."

எனக்குத் தலைக்கு ஏறியது. ஐந்து வருஷமாக நான் தினமும் மூச்சில் இழுத்த கடற்காற்று, அண்டா தேய்க்கும் இடத்திலிருந்தா வந்தது? "அப்போ தினமும் எதைப் பார்த்து எழுதுனீங்க?" என்று கத்தியே விட்டேன்.

அவர் பயப்படவில்லை. "போன்ல கேட்டு எழுதுவேன் சார். எங்க வூட்டுக்காரரு ஏழுமலை, தேவனாம்பட்டினத்துல மீன் புடிக்கிற போட்டு வச்சிருக்காரு. அவுரு சொல்றதுதான்."

"நீங்க போய்ப் பார்க்கக் கூடாதா? ஆட்டோவில் போனால் எவ்வளவு தூரம்?"

"நா கடலுக்குப் போறதில்ல சார். மாசி மகத்துக்குக்கூட போறதில்ல."

ரூட்டரை மாற்றினேன். பழசின் தலையில் சந்தனமும் காய்ந்த பூவும் ஒட்டியிருந்தன. போன ஆயுத பூஜைக்கு வைத்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து நான் பாஸ்வேர்டு போட்டுக் காத்த பெட்டிக்கு இங்கே பொங்கலும் சுண்டலும் காட்டியிருக்கிறார்கள். கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. கிளம்பும்போது தமிழ்ச்செல்வி படிவரைக்கும் வந்தார்.

"கடல் தெரியலன்னு எழுதுனா ஆபீஸை மெட்ராசோட சேத்துடுவாங்களாமே, நெசமா சார்?"

"ஆமாம். உங்களுக்கு அங்கே வேலை இருக்கும்."

"அவுரு கடல வுட்டுட்டு வரமாட்டாரு. நா அவர வுட்டுட்டுப் போவ மாட்டேன். எனக்கு எதுக்கு சார் மெட்ராசு வேல?" என்றவர், "எழுதுறதுக்கு முன்னாடி நாளைக்குக் காலைல ஒரு தடவ கரைக்குப் போயிப் பாருங்க சார். அவுரு வர்ற நேரத்துக்கு" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் தேவனாம்பட்டினம் போனேன். கடல் இருந்தது. அதைப் பார்த்ததும் முந்தின நாள் கோபமெல்லாம் அற்பமாகத் தெரிந்தது. கரையில் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்து மணலில் ஏறின. ஏலம் நடந்தது. ஒரு பாட்டி சங்கரா மீனைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டி, "புள்ள, செவுள பாரு, செவப்பு" என்றாள். லாட்ஜில் சமைக்க முடியாது என்றேன். "அப்ப எதுக்கு வந்தே?" என்றாள். நியாயமான கேள்வி. ஏழுமலை படகைப் பற்றி விசாரித்தேன். இன்னும் வரவில்லை.

போன் அடித்தது. தமிழ்ச்செல்வி. "சார், கரையிலதானே இருக்கீங்க? வந்துட்டாரா?"

"இன்னும் இல்லை."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "சார், பச்ச கலரு படகு. முன்னாடி வேல் படம் போட்டிருக்கும்."

"காணோமே."

"சரி சார்" என்று வைத்துவிட்டார். அந்த இரண்டு சொல்லில் குரல் மாறியிருந்தது. இப்போது எனக்கும் கண் கடல்மேலேயே நின்றுவிட்டது. தூரத்தில் வரும் ஒவ்வொரு படகும் முதலில் பச்சையாகத் தெரியும், நெருங்கியதும் நீலமாகும். மறுபடி போன். இந்த முறை பினாங்கு. என் இடத்தில் உட்கார்ந்திருந்த அஸ்மான் மலாயில் சொன்னான்: "கடலூர் இன்னும் சிவப்பு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கவா?"

என்றைக்கும் நான் சொல்லும் அதே வாக்கியம். ஈர மணலில் நின்று கேட்கும்போது அது எனக்கே பொறுக்கவில்லை. "அவளைக் கூப்பிடாதே" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அஸ்மான் மன்னிப்புக் கேட்டு வைத்தான்.

ஏலம் முடிந்து கூடைகள் எல்லாம் போய்விட்டன. வெயில் ஏறியது. கடைசியில் வேல் படம் போட்ட ஒரு பச்சைப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. எஞ்சின் மக்கர். மூன்று பேர் குதித்தார்கள். அதில் நெட்டையாக ஒருவர், படகைக்கூட மேலே இழுக்காமல், உள்ளிருந்து ஒரு டிபன் பாக்ஸை எடுத்தார். பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் பை, பைக்குள் துணி, துணிக்குள் போன். கையைத் தலைத்துண்டில் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினார்.

"வந்துட்டேன்" என்றார். போனைக் காதில் அழுத்திக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றார். "அழுவாத. எஞ்சின் நின்னுடுச்சு, வேற ஒண்ணுமில்ல. ம்... கடலா? சுமாரா இருக்குது. கொண்டக் காத்து. வெளில கொஞ்சம் தூக்கி அடிக்குது" என்று சொல்லி வைத்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அஸ்மானிடமிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. கடலூர் பச்சை.

நான் யாரென்று சொன்னதும் ஏழுமலை சிரித்தார். "சிவப்பா இருக்குன்னு போன் போடுற சாரு நீங்கதானா?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். டீக்கடையில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் இது. அந்தப் பேரலை வந்த காலையில் அவர் கடலில் வெகு தூரத்தில் இருந்தார். "ஆழத்துல ஒண்ணுமே தெரியல சார். படகு கொஞ்சம் ஏறி எறங்குச்சு, அவ்ளோதான். கரைக்கு வந்தப்புறந்தான் கரையே இல்லன்னு தெரிஞ்சுது." கரையில் ஓடிப் பிழைத்த தமிழ்ச்செல்விக்கு அவர் இருக்கிறாரா இல்லையா என்று சாயங்காலம்வரை தெரியாது. கேட்க ஆளில்லை, போனில்லை. இல்லை என்றே முடிவுகட்டிவிட்டாராம். "அடுத்த வாரமே எங்க வூட்டுக்காரிதான் இந்த போனு வாங்கிக் குடுத்துது. கரைல கால வச்சா மொதல்ல எனக்குத்தான் போன் பண்ணணும், அப்புறந்தான் மீனுன்னுச்சு. அன்னிலேர்ந்து இது. கடலப் பத்திக் கேக்குறதெல்லாம் ஆபீசுக்காவ சார். அவளுக்கு நா வந்துட்டா போதும்."

ஐந்து வருஷமாகப் பினாங்கில் உட்கார்ந்து நான் படித்தது கடல் நிலவரம் அல்ல. ஒரு மனுஷன் உயிரோடு கரை சேர்ந்துவிட்டான் என்ற செய்தியைத்தான் தினமும் படித்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிஷங்களில் தமிழ்ச்செல்வி ஜன்னலைத் திறக்கச் சோம்பிக் கிடக்கவில்லை, இந்தப் போனுக்குத்தான் காத்திருந்தார். லால்பேட்டைப் பெண்களைப் பற்றி ஜாபர் சொன்னபோது சிரித்தது இப்போது உறைத்தது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. காலையில் பாட்டி காட்டிய அதே ஜாதி மீன், மாங்காய் போட்ட குழம்பு. தமிழ்ச்செல்வி கண் வீங்கியிருந்தது, ஆனால் ஏழுமலையை விரட்டிக்கொண்டே பரிமாறினார். "சாரு எலைய பாரு, காலியா இருக்கு, நீ பாட்டுக்குத் தின்னுகிட்டே இருக்கே." ரிப்போர்ட்டைப் பற்றி இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் சிதம்பரத்தில், ஜாபர் கடையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். கடல் தெரிகிறது என்று பொய் எழுத ஒரு வினாடி தோன்றியது. தேவைப்படவில்லை. நான் எழுதியது இவ்வளவுதான்: "கடலூர் அலுவலகத்திலிருந்து கடல் தெரியாது. ஆனால் நம் கிளைகளில் மற்றவர்கள் கடலை ஜன்னலிலிருந்து பார்த்து எழுதுகிறார்கள். கடலூர் வரி மட்டும் விடியுமுன் கடலுக்குள் போய், அதிலிருந்து திரும்பி வந்த கண்ணால் பார்த்தது. உங்கள் அப்பா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்."

ஜாபர் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். "அவுங்க அப்பாவ ஏன் மச்சான் இழுக்குறே?" என்றான். "வேலை நடக்கணுமே" என்றேன். பஸ் ஏற்றிவிடும்போது கொத்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிக் கையில் திணித்தான். அது விமான நிலையத்தில் என்ன ஆயிற்று என்பது தனிச் சோகம்.

பினாங்கில் இறங்கியதும் பதில் காத்திருந்தது. கடலூர் இப்போதைக்கு இருக்கட்டும், முகவரியை மட்டும் திருத்து என்று ஒரே வரி. அந்த இப்போதைக்கு என்பது இரண்டு வருஷம் ஓடியது, பக்கமே மூடப்படும்வரை. தமிழ்ச்செல்விக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சார்" என்றார். இந்தச் "சரி சார்" வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு டீ வந்தது. யாங்கூன் பச்சை, சிட்டகாங் பச்சை, விசாகப்பட்டினம், கொழும்பு, அச்சே எல்லாம் பச்சை. கடலூர் சிவப்பு. அஸ்மான் போனைக் காட்டிக் கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தேன். டீயில் ஆடை படிந்தது. எஞ்சினைச் சரிபார்த்தார்களோ இல்லையோ என்று நினைத்தேன். கிழக்கேயிருந்து வரும் அந்தக் கொண்டல் காற்று இன்னும் அடிக்கிறதோ என்று நினைத்தேன். கோயிலுக்குள் அத்தனை வருஷம் ஓடியும் சரியாகக் கும்பிடாத சாமியை அன்றைக்கு அந்த ஏ.சி. அறையில் உட்கார்ந்து கும்பிட்டேன்.

புள்ளி பச்சையானது. "கடல் அமைதி. தெற்குக் காற்று" என்று வழக்கமான ஆங்கிலம். அதை அடுத்து, அந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் எழுதாத தமிழில், ஆங்கில எழுத்தைக் கோத்து இன்னொரு வரி இருந்தது.

"கரைக்கு வந்துட்டாரு சார். நீங்க டீ குடிங்க."